ஐஸான வயல்

நெய்யாற்றின்கரை விளையாட்டுப் பரிபாலன சபை எந்தக் காரியத்தையும் முதலில் நிறைவேற்றிவிட்டு அப்புறம்தான் வாசிக்கும். வாசித்துவிட்டு நிறைவேற்றினால் என்ன என்று யாரோ ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்களாம். வாசித்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் நேரமாகும், நேரமானால் காப்பி ஆறிப்போகும் என்று தலைவர் முத்துக்குமாரசாமி பிள்ளை கையை விரித்துவிட்டார். இந்த வழக்கத்தால் அதுவரை யாருக்கும் பெரிய கேடு ஒன்றும் வந்ததில்லை. கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினாலாம் ஆண்டு ஐப்பசியில் பாறசாலைக்காரன் சுயம்புக்கு வந்தது.

அந்த ஐப்பசியில் மகாராஜாவின் திருநாளுக்கு ஏதாவது துரைமார் விளையாட்டு நடத்த வேண்டும் என்று சபைக்கு ஆசை. பந்து உதைப்பது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. ஆகவே ஹாக்கி என்று முடிவாகி, சென்னையில் ஒரு புத்தகக் கடைக்கு எழுதிச் சட்டப் புத்தகம் வரவழைத்தார்கள். தபால் வந்த அன்று மாலையே, புத்தகத்தின் கட்டைப் பிரிக்காமல், அதிலுள்ள சட்டங்கள் முழுவதையும் சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. மறுநாள் செயலாளர் பூதலிங்கம் பிள்ளை கட்டைப் பிரித்து உட்கார்ந்து வாசித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஐஸ், ஐஸ், ஐஸ். உறைபனி விழும் தேசங்களில் ஐஸின் மேல் வழுக்கிக்கொண்டே ஆடுகிற ஹாக்கியின் புத்தகத்தைக் கடைக்காரன் அனுப்பிவிட்டான்.

பூதலிங்கம் பிள்ளை வியர்த்துப்போய்த் தலைவரிடம் ஓடினார். தலைவர் அசையவில்லை.

"நிறைவேற்றியாச்சு வே. இனி ஐஸைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்."

சபையிலேயே ஐஸைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். திருவனந்தபுரத்தில் ஒருமுறை சர்பத்தில் மிதந்ததைப் பார்த்திருக்கிறார். அந்த அனுபவத்தை வைத்து அவர் இலக்கணம் வகுத்தார். "ஐஸ் என்றால் வழுக்கும். தொட்டால் குளிரும். வெயிலில் வைத்தால் தண்ணீர் வற்றி உருமாறும். இந்த மூன்றும் எதற்கு உண்டோ அது ஐஸ்."

பூதலிங்கம் பிள்ளைக்குச் சட்டென்று முகம் தெளிந்தது. அவர் சபைக்குச் செயலாளர் மட்டுமல்ல, உமையம்மாள் என்ற பெரிய நிலக்காரியின் சொத்துகளுக்கெல்லாம் காரியஸ்தரும் அவர்தான். அந்த மூன்று லட்சணமும் உள்ள ஓர் இடத்தை அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். சுயம்பு குத்தகைக்குச் செய்கிற வயல் அது.

சுயம்புக்கும் அவன் பெண்டாட்டி சுகுமாரிக்கும் அந்த வயல் ஒன்றுதான் கதி. உமையம்மாள் வகையில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பூ, அதாவது ஒரு போகம், நடாமல் தரிசு போட்டால் குத்தகை போய்விடும், வயல் வேறு ஆளுக்கு. சுயம்பு அப்படி ஒரு நாளும் போட்டதில்லை. கன்னிப்பூ அறுத்த கையோடு அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழுது, மரமடித்துச் சேற்றைக் கண்ணாடியாகச் சமப்படுத்தி வைத்திருந்தான். மூலையில் நாற்றங்காலில் கட்டிச்சம்பா நாற்று, பறித்து நடு என்று சொல்கிற பருவத்தில் நின்றது. திருநாள் கழிந்த மறுநாள் நடவுக்கு வரும்படி பெண்களிடம் சொல்லியும் ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் பூதலிங்கம் பிள்ளை வரப்பில் வந்து நின்றார்.

"எலே சுயம்பு, ஒனக்க வயலு ஐஸாயாச்சு."

"என்னதாயாச்சு ஏமானே?"

"ஐஸ். சபை தீர்மானம் போட்டாச்சு."

"நேத்து மரமடிச்ச சேறாக்கும் ஏமானே இது."

"நேத்து சேறு. இண்ணைக்கு ஐஸ். திருநாளுக்கு ஒரு நேரம் விளையாட்டு நடக்கும், அவ்வளவுதான். மறுநாள் நீ சேறாக்கி நட்டுக்கோ."

மகாராஜா திருநாளுக்கு ஒரு நாள் வயலைக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று சுயம்பு நினைத்தான். பெரிய மனிதர்கள் கால் வழுக்கக் கூடாதே என்று வரப்பைக்கூட வெட்டிச் செதுக்கிக் கொடுத்தான். ஐஸில் வழுக்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பது பாவம், அவனுக்குத் தெரியாது.

திருநாள் அன்று பார்க்க வேண்டும் அந்தக் கூத்தை. புத்தகத்தில் சொன்ன இரும்பு வைத்த சறுக்குச் செருப்புக்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு கமுகம்பாளையைக் காலில் கட்டிக்கொண்டார்கள். அடிக்கிற தடிக்குத் தென்னை மட்டை. கோல் போடுவதற்கு வயலின் இரு கோடியிலும் இவ்விரண்டு கம்பு நட்டிருந்தார்கள். பந்துக்குப் பதிலாகத் தட்டையான வட்டு ஒன்று வேண்டும் என்று புத்தகம் சொன்னதால் பலாத்தடியில் அறுத்து எடுத்திருந்தார்கள். நெய்யாற்றின்கரை அணியில் முக்கால்வாசி குமாஸ்தாக்கள். பாறசாலை அணியில் முக்கால்வாசி அந்தக் குமாஸ்தாக்களின் மச்சினன்மார். ஊதல் ஊதியதும் எல்லோரும் விழுந்தார்கள். எழுந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் மட்டையை வீசினார்கள். வட்டைத் தவிர எல்லாவற்றின் மேலும் அடி விழுந்தது. தலைவர் குடைக்குள்ளிருந்து, "ஆஹா, ஐரோப்பா கெட்டது!" என்று புளகாங்கிதப்பட்டார்.

பாதி ஆட்டத்தில் பாறசாலைக்காரர் ஒருவர், பழைய சொத்துத் தகராறு ஞாபகம் வந்து, எதிராளியின் முதுகில் மட்டையால் ஒன்று போட்டார். தண்டனையாக அவரை வரப்பில் உட்கார வைத்தார்கள். பாறசாலை அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. குறைந்த அணியை நெய்யாற்றின்கரைக்காரர்கள் நெருக்கினார்கள். வேறு வழி தெரியாமல் பாறசாலைக்காரர் ஒருவர் தன் கோலின் வாசலில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். வட்டு வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருவர் காலிலும் படாமல் வழுக்கிப்போய், எல்லையைத் தாண்டி, மூலையிலிருந்த நாற்றங்காலுக்குள் விழுந்து மறைந்தது.

உடனே சண்டை. நடுவராகவும் இருந்த பூதலிங்கம் பிள்ளை புத்தகத்தைப் பிரித்தார். தன் பாதியிலிருந்து எதிர்க் கோடிக்கு அப்படி வட்டைத் தள்ளிவிடுவது தவறு, திரும்பக் கொண்டுவந்து அடித்தவனின் வாசலில் வைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று சட்டம். ஆனால் தண்டனையால் ஆள் குறைந்த அணி மட்டும் அப்படி அடிக்கலாம் என்று அதன் கீழே ஒரு சலுகை.

"முதுகுல அடிச்சவனுக்குத் தண்டனையா, சலுகையா?" என்று நெய்யாற்றின்கரை கத்தியது. "புத்தகத்தில் உண்டு" என்று பாறசாலை கத்தியது.

தலைவர் குடையை மடக்கினார். கூட்டம் அடங்கியது.

"இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று சபை ஆலோசிக்கும். அதுவரை ஆட்டம் நிறுத்தப்படுகிறது. நின்ற ஆட்டத்தில் எதுவும் அசையக் கூடாது. ஐஸ் ஐஸாக இருக்க வேண்டும். வட்டு விழுந்த இடத்தில் கிடக்க வேண்டும்."

எல்லோரும் கால் கழுவிக்கொண்டு விருந்துக்குப் போனார்கள். சுயம்பு மட்டும் சேற்றையும் நாற்றையும் பார்த்தபடி நின்றான். தலைவர் பேசிய தமிழில் பாதி அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் நடவுக்குப் பெண்கள் வந்தபோது நாற்றங்கால் வரப்பில் சபை அனுப்பிய ஒரு சேவகன் கம்பும் கையுமாக இருந்தான். காட்டாக்கடைக்காரன், பொன்னுதாஸ் என்று பெயர். அவனும் வயல்காரன் வீட்டுப் பிள்ளைதான். அதனால் சுயம்புவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"ஞாறு பறிக்கப் பாடில்ல மக்கா. வட்டு அதுக்குள்ள கெடக்கு."

"வட்ட எடுத்து ஒனக்க கையில தாறேன். நீ வச்சுக்கோ."

"அசையப் பாடில்லண்ணாக்கும் உத்தரவு. ஒரு ஞாறு அசைஞ்சா வட்டும் அசையுமாம்."

"வட்டுக் கெடக்குத இடத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தப் பறிக்கட்டா?" என்று சுகுமாரி கேட்டாள்.

"அது எந்த இடம்ணு பாக்கணும்னா ஞாற வெலக்கணும் அக்கா. வெலக்குனா அசையும்."

பெண்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வயலுக்கு நடப் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? கூலி நாளைப் பாழாக்க முடியுமா?

சுயம்பு நெய்யாற்றின்கரைக்கு நடந்தான். சபை கூடியிருந்தது. காப்பிக்கு அப்புறம் ஆலோசனை என்றார்கள். காப்பிக்கு அப்புறம் பேச்சு என்றார்கள். முதலில் ஒரு வக்கீல் எழுந்தார்.

"குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, அந்தத் தண்டனையைக் காரணம் காட்டியே அவன் அணிக்குச் சலுகையும் கொடுப்பது நீதியா? எல்லோரையும்போல அவர்களும் நின்று சமாளிக்கட்டும். சட்டத்தை மாற்றியே தீர வேண்டும்!"

நியாயமாகத்தான் இருக்கிறது என்று சுயம்பு நினைத்தான். அடுத்து ஒரு பாலம் கட்டும் காண்டிராக்டர் எழுந்தார்.

"அன்பர்களே, தவறு செய்தவர்களுக்கு ஒரு சலுகையும் இல்லை என்று ஆகிவிட்டால் பொதுக்காரியத்துக்கு யார் வருவார்கள்? ஒற்றசேகரமங்கலத்தில் நான் கட்டிய கலுங்கு, சின்னப் பாலம்தான், முதல் மழையிலேயே போயிற்று. அதை மறைக்கவில்லை. விசாரித்தார்கள், கண்டித்தார்கள், திரும்பக் கட்டும் காண்டிராக்டையும் எனக்கே தந்தார்கள். அதுவும் போயிற்று. மூன்றாவதும் எனக்கே. அந்தச் சலுகை இல்லாவிட்டால் ஒற்றசேகரமங்கலத்துக்கு இன்று கலுங்கு ஏது?"

"இன்று இருக்கிறதா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லை. ஆனால் காண்டிராக்ட் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காண்டிராக்டர் உட்கார்ந்தார். பலத்த கைதட்டல். அதுவும் நியாயமாகத்தான் இருக்கும்போல என்று சுயம்பு குழம்பினான்.

அவனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

"உமது வயலில் இருப்பது ஐஸ்தானே?" என்றார் தலைவர்.

"சேறாக்கும் ஏமானே. நடவேண்டிய சேறு. மேல தண்ணி வத்தி வருது. ஞாறு நிக்காது, ஏமான்மாரு மனசு வைக்கணும்."

ஐஸ் இளகிய நிலையில் இருப்பதாகவும், வற்றி வருவதாகவும் சாட்சி ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார்கள். சபை பதறிவிட்டது. ஐஸ் அழிந்தால் ஆட்டத்தை எங்கே தொடருவது? முடிவு தெரியும்வரை ஐஸைக் காய விடாமல் பாதுகாக்கும் பொறுப்பு சுயம்புவுடையது என்றும், காய்ந்தால் அவனே ஜவாப்தாரி என்றும் அங்கேயே தீர்மானமாயிற்று.

வயலைக் கேட்கப் போனவன் வேலையை வாங்கிக்கொண்டு வந்தான். அன்று முதல் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் இறைத்து, நட முடியாத வயலுக்குப் பாய்ச்சினான். மழை பெய்தால் கொஞ்சம் இளைப்பாறுவான். அப்படி ஒரு மழை நாளில் தலைவர் குடையோடு வந்து பார்த்துவிட்டு, ஐஸ் பெருகியிருக்கிறது, நல்ல உழைப்பாளி என்று அவனைப் பாராட்டினார். சுயம்பு குனிந்து கும்பிட்டான். வேறு என்ன செய்வான்? பாராட்டுக்கு எதிராக யாரிடம் போய் முறையிட முடியும்?

சுற்றிலும் எல்லார் வயலும் பச்சை பிடித்துவிட்டது. சந்தையில் பார்த்தவர்களெல்லாம், "என்ன சுயம்பு, ஐஸு சுகமா இருக்கா?" என்று கேட்டார்கள். நாற்றங்காலில் நெருக்கியடித்து நின்ற நாற்று நுனி மஞ்சளித்து, உயர்ந்து, சாயத் தொடங்கியது. ஒரு நாள் பொன்னுதாஸ் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்ற வைத்த நேரத்தில் சுகுமாரி ஒரே ஒரு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து புருஷன் கையில் வைத்தாள்.

"பாத்தியளா? கணு விட்டாச்சு. இன்னும் நாலு நாளு போனா மாட்டுக்குத்தான் ஆகும். நீங்க தண்ணி எறச்சுட்டே இரிங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. அன்று முழுவதும் யோசித்து யோசித்து அவன் புத்திக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. சபையில் கேட்டதெல்லாம் சேர்ந்து அவனுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. தப்பு செய்தவனுக்குத்தான் சலுகை. அவன் இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் கோளாறு.

அடுத்த தடவை பூதலிங்கம் பிள்ளை ஐஸைப் பார்வையிட வந்தபோது, சுயம்பு வேட்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்கி, கோலுக்கு நட்டிருந்த கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான். பூதலிங்கம் பிள்ளை வாயைப் பிளந்தார்.

"நான் தப்பு செய்தாச்சு ஏமானே. என்னைய வரப்புல உக்கார வையுங்க. எனக்க ஆளு ஒண்ணு கொறஞ்சாச்சு. சலுகையத் தாங்க. சுகுமாரி ஞாறு பறிச்சுக்கிடட்டும்."

பூதலிங்கம் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. கடமை வந்தது. அங்கேயே நின்று புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"நீ எந்த அணிலே?"

"எந்த அணியும் இல்ல ஏமானே."

"அணியில இல்லாதவன் தப்பு செய்ய முடியாது. புத்தகத்துல அப்பிடி ஆளே கெடையாது. அந்தக் கம்பு ஒடியல்ல. நீ ஒடிக்கவும் இல்ல. தண்ணியப் பாச்சு."

தப்பு செய்வதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று அன்றைக்குத்தான் சுயம்பு அறிந்தான். ஒடிந்த கம்பை இரு கையிலும் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றான்.

கார்த்திகை போயிற்று. சபையில் வாக்கெடுத்ததில் சட்டத்தை மாற்றச் சொன்னவர்களும் மாற்ற வேண்டாம் என்றவர்களும் சரிபாதி. முடிவு சொல்ல ஒரு மூன்றாம் ஆளை அழைப்பது என்று, ஸ்காட்லாந்தில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்திருந்த நெல்லையப்ப பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவர் வரப்பில் நின்று வயலைப் பார்த்தார். கமுகம்பாளையைப் பார்த்தார். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இது ஐஸா? ஐஸ் கல்லு மாதிரி இருக்கும். மேல நடக்கலாம். இது வெறும் சேறு."

சுயம்புக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. இத்தனை நாளாக அவன் சொன்னதை ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டார்.

சபைக்கும் ஒருவகையில் நிம்மதிதான். அன்று மாலையே தலைவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். "அது ஐஸ் அல்ல என்பதால் அதன்மேல் ஐஸ் ஹாக்கி ஆடியிருக்க முடியாது. ஆட்டமே நடக்கவில்லை என்பதால் வட்டை யாரும் அடிக்கவில்லை. ஆகவே சட்டத்தை மாற்றுவதா என்ற கேள்வி எழவில்லை. எழாத கேள்விக்காக இந்தச் சபை எதையும் ஒருபோதும் நிறுத்தி வைக்கவில்லை." ஏகமனதாக நிறைவேறியது. காப்பி சூடாக இருந்தது.

சுயம்பு ஓட்டமும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்தான். பொன்னுதாஸ் போயிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் நாற்றங்காலில் இறங்கினார்கள். பிடித்த பிடியில் நாற்று கணுவில் ஒடிந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக மெலிந்த கதிர்கூட எட்டிப் பார்த்திருந்தது. அப்படியும் ஒரு மூலையில் கொஞ்சம் நட்டுப் பார்த்தார்கள். இரண்டு வெயிலில் அதுவும் சாய்ந்தது. மிச்சத்தைச் சுகுமாரி அறுத்துப் பசுவுக்குப் போட்டாள். பசு ஒன்றுதான் அந்த வருஷம் சபையால் பயன் அடைந்த ஜீவன்.

தை பிறந்ததும் உமையம்மாள் வகைக் காரியஸ்தரிடமிருந்து ஆள் வந்தது. சுயம்பு போய் நின்றான். சபை கூடுகிற அதே அறை, அதே மேசை. சபைக்காரியம் என்றால் பூதலிங்கம் பிள்ளை மேசைக்குத் தெற்கே உட்காருவார். நிலக்காரியம் என்றால் வடக்கே. இன்று வடக்கே உட்கார்ந்திருந்தார்.

"எலே சுயம்பு, கும்பப்பூ ஏன் நடல்ல?"

சுயம்பு முதலில் சிரித்தான். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான்.

"ஏமானுக்குத் தெரியாததா? வயலு ஐஸாயிருந்துல்லா."

"அது ஐஸ் இல்லண்ணு சபை தீர்மானிச்சாச்சு."

"ஏமான்தானே ஞாறு அசையப் பாடில்லண்ணு சொன்னிய?"

"அது செயலாளர். நான் காரியஸ்தன். செயலாளரு என்ன சொன்னாருண்ணு எனக்கு எப்பிடிலே தெரியும்?"

அவர் குறும்பாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. மெய்யாகவே அவருக்குத் தெரியாது.

"அம்மைக்கு ஒரு காரணம் சொல்லியாகணும்" என்று பூதலிங்கம் பிள்ளை இரக்கத்தோடு ஆரம்பித்தார். "மழை இல்லியா?"

"இருந்து ஏமானே."

"வித்து?"

"உண்டு."

"ஒனக்கு ஏதும் சீக்கு, தீனம்?"

"இல்ல."

"ஏர் மாடு செத்துப்போச்சா?"

"இல்ல ஏமானே."

"அப்பம் ஒண்ணுதான் மிச்சம். சோம்பல். அத ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டாயானா அம்மை இந்த ஒரு தடவ பொறுத்து வயல ஒனக்கே விடுவாவ. தப்ப ஒத்துக்கிடுதவனுக்கு எங்கயும் ஒரு சலுகை உண்டுலே."

சுயம்பு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினான். பிறகு, "நான் சோம்பேறியாக்கும் ஏமானே" என்றான். பூதலிங்கம் பிள்ளை அவன் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் பதித்தார். பதிக்கும்போது அந்த விரலின் காய்ப்பில் ரேகை சரியாக விழவில்லை. மறுபடி அழுத்திப் பதித்தார்.

சுகுமாரி வீட்டு முற்றத்தில் காத்து நின்றாள்.

"வயலு உண்டா?"

"உண்டு."

"என்ன சொன்னிய?"

"நான் மடியன், அதனால நடல்லண்ணு எழுதிக் குடுத்தாச்சு."

"மடியனா? நீங்களா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினாள். வயல் கிடைத்ததற்கு அழுகிறாளா, போன நெல்லுக்கு அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்து வெயில் வந்த பிறகும் சுயம்பு பாயை விட்டு எழவில்லை. சுகுமாரி பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"மேலுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. எழுதிக் குடுத்தாச்சுல்லா. ஒரு நாளாவது கெடந்து பாக்கேன். பொய் சொன்னவன் ஆக வேண்டாம்."

கிடந்து பார்த்தான். புரண்டு பார்த்தான். உச்சி வெயில் வருவதற்குள் முதுகு நோவு எடுத்துவிட்டது. எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். அந்த மாதத்தில் அங்கே நடுவதற்கு ஒன்றும் இல்லை. செய்வதற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓர் ஓரத்திலிருந்து வரப்பை வெட்டத் தொடங்கினான்.

அந்த வழியாகப் போன பூதலிங்கம் பிள்ளை நின்று, கொதிக்கிற வெயிலில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. சலுகை கொடுத்து ஒரு நாள்தான் ஆகிறது, அதற்குள் எப்படித் திருந்திவிட்டான் பார் என்று நினைத்தபடி, குடையை விரித்துக்கொண்டு போனார்.